பந்தோடு வந்த சொற்கள்

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் பெருந்தெருவில், தீவையும் கடற்பாலத்தையும் கடந்து தலைநிலத்துட் புகுந்தபின் எதிர்ப்படும் ஊர்களுள் உயிலங்குளமும் ஒன்று. ஒருபுறம் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய நெல்வயல்கள். மறுபுறம், அதிக தூரமில்லாமல், மன்னார்க் கடல். உழவரும் மீனவரும் அயலவராய் வாழும் இந்நாட்டுப்புறத்தில், மாலை வேளையில் வெளியான ஓர் இடத்திற் போய் நின்றால் ஒரு பந்தைக் காணலாம். பந்தைச் சுற்றி இளைஞரைக் காணலாம். செவிகொடுத்து நின்றால் ஆங்கிலத்தையுங் கேட்கலாம். 'பாஸ்', 'சென்ரர்', 'சூற்', 'கோனர்', 'பவுல்', 'ஓவ்சைட்', 'கோல்' என்று அடுக்கடுக்காய் எழும் அச்சொற்களைச் சொல்பவர் எவரும் தாம் ஆங்கிலம் பேசுவதாக நினைப்பதில்லை. கேட்பவரும் அவ்வாறு நினைப்பதில்லை.

மறுநாட் காலை அதே பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கின்றனர். ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் அவர்களது நாவு கட்டுண்டு போகின்றது. நேற்று மாலை மைதானம் முழுவதையும் தன் குரலால் ஆட்டிவைத்த சிறுவன் இன்று பலகையை நோக்கி மௌனியாய் இருக்கின்றான். 'இவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது' என்று அவனைப் பற்றி முடிவு கட்டப்படுகின்றது. அம்முடிவை அவனும் ஏற்றுக்கொள்கின்றான்.

இம்முடிவு சரியானதா என்பதையே நாம் இக்கட்டுரையில் ஆராய விரும்புகின்றோம். அதற்கு அச்சொற்கள் எங்கிருந்து வந்தன, யார் கையில் இருந்தன, எவ்வாறு உயிலங்குளத்து மண்ணை வந்தடைந்தன என்ற வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். சொற்களின் வரலாறு அகராதிக்காரரின் பொழுதுபோக்கன்று. ஒரு சொல்லை யார் யாருக்குக் கொடுத்தார், யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது சமுதாய வரலாற்றின் ஒரு பகுதியேயாகும்.

மன்னார்க் கரைக்கு அந்நியச் சொற்கள் புதியன அல்ல. முத்துக்குளிப்பை நாடி உலகின் பல திசைகளிலிருந்தும் வணிகர் வந்திறங்கிய கரை இது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். மூவரும் கோட்டையைப் பிடித்தனர், வரியை வாங்கினர், போகும்போது சொற்களை விட்டுச் சென்றனர். நாம் இருந்து எழுதும் மேசை போர்த்துக்கேயச் சொல். புத்தகத்தை வைத்துப் பூட்டும் அலுமாரி போர்த்துக்கேயச் சொல். அதனைத் திறக்கும் சாவியும் அவ்வாறே. மனுக்கொடுக்கப் போகும் கந்தோர் ஒல்லாந்தச் சொல். உதைபந்தாட்டக்காரன் காலில் மாட்டும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்லே. இன்று எவரும் இச்சொற்களை அந்நியமென்று கூசுவதில்லை. இவற்றைச் சொல்பவனைப் 'போர்த்துக்கேயம் படித்தவன்' என்று போற்றுவதுமில்லை. ஆட்சி போயிற்று, சொல் மக்களுடையதாயிற்று.

ஆங்கிலத்தின் கதை இவ்வாறு முடியவில்லை. ஆங்கிலேயர் சென்ற பின்னும் ஆங்கிலம் ஆட்சியிலிருந்து இறங்கவில்லை. ஆகவேதான் ஆங்கிலச் சொல் ஒன்றினைப் பேசும்போது இன்றுங்கூட நமக்குப் பெருமையோ சிறுமையோ ஏதாவதொன்று தோன்றிவிடுகின்றது. ஆயின், உதைபந்தோடு வந்த சொற்கள் மாத்திரம் சப்பாத்தைப் போலவும் சாவியைப் போலவும் பெருமையுமின்றிச் சிறுமையுமின்றி ஊருக்குள் வந்துவிட்டன. இது எவ்வாறு நிகழ்ந்தது?

இன்றைய உதைபந்தாட்டத்தின் விதிகள் எழுதப்பட்டது 1863ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி இலண்டன் நகரின் உணவு விடுதியொன்றிற் கூடிய கழகத்தார் உதைபந்தாட்டச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பணம்படைத்தோர் பிள்ளைகளின் பாடசாலைகளிற் பயின்றவர்களே அக்கூட்டத்தின் போக்கினைத் தீர்மானித்தனர். எபனேசர் கொப் மோர்லி என்னும் சட்டத்தரணி அதன் முதற் செயலாளராயிருந்து விதிகளை வரைந்தார். அவ்வாண்டு முடியுமுன் பதின்மூன்று விதிகள் அச்சேறின. எதிரியின் முழங்காலுக்குக் கீழே உதைத்து வீழ்த்தும் உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரு கழகம் சங்கத்தை விட்டே விலகிக்கொண்டது.

அந்தப் பதின்மூன்று விதிகளில் நடுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெனால்றி இல்லை. கோல் காப்பாளன் இல்லை. கோல் கம்பங்கள் இரண்டிற்கும் மேலே குறுக்குக் கட்டையும் இல்லை. கனவான்கள் விளையாடும் ஆட்டத்தில் நீதிபதி எதற்கு என்பதே அன்றைய எண்ணம். பின்னர், அணிக்கு ஒருவராக இரு மத்தியஸ்தர் வந்தனர். அவ்விருவரும் ஒத்துப்போகாதபோது வழக்கை மூன்றாம் ஆளிடம் 'ரிவேர்' செய்தனர், அதாவது ஒப்படைத்தனர். ஒப்படைக்கப்பட்டவரே 'றெவ்றி' எனப்பட்டார். 1891இலேதான் அவர் மைதானத்தின் உள்ளே வந்து ஊதுகுழலும் கையுமாய் முழு அதிகாரத்தைப் பெற்றார். அதே ஆண்டில் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மக்ரம் என்பாரது யோசனைப்படி தண்ட உதை விதியும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வேண்டுமென்றே ஒருவன் தவறிழைப்பான் என்று கருதுவதே அவமதிப்பென்று கனவான்களிற் சிலர் இவ்விதியை வெறுத்தனர். ஆனால் ஆட்டம் அவர்களது கையை விட்டு ஏற்கெனவே நழுவிவிட்டது.

எப்பொழுது நழுவிற்று? 1883 மார்ச்சு 31ஆந் திகதி என்று சொன்னால் அது மிகையாகாது. அன்று இலண்டனில் நடைபெற்ற சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், ஈற்றன் பாடசாலையின் பழைய மாணவரான கனவான்களை, பிளக்பேர்ன் ஒலிம்பிக் என்னும் வடநாட்டு அணி 2க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்றது. வென்ற அணியில் இருந்தவர்கள் நெசவாலைத் தொழிலாளர், உலோகத் தொழிலாளர், குழாய் பொருத்துபவர் ஆகியோர். கனவான்களின் ஆட்டமுறை, ஒருவன் பந்தைத் தானே தட்டித் தட்டிக்கொண்டு எதிரிகளுக்கூடாக ஓடும் தனியாட்டம். தொழிலாளர் பந்தை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கி ஆடினர். 1870களில் ஸ்கொத்லாந்தில் வளர்ந்து, பின் ஆலைத் தொழிலாளரால் கைக்கொள்ளப்பட்ட இக்கூட்டாட்டத்தின் உயிர்ச்சொல்தான் 'பாஸ்'. தனக்கு முன்னே நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுப்பதற்கு 1863ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கவேயில்லை என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். பந்துக்கு முன்னே நின்றவன் எவனும் ஆட்டத்துக்குப் புறம்பானவன் என்பதே அன்றைய விதி. 1866இலும் பின்னர் 1925இலும் ஓவ்சைட் விதி தளர்த்தப்பட்டதற்கேற்பவே, முன்னே நிற்கும் தோழனும் ஆட்டத்தின் பங்காளியாகும் வாய்ப்பு விரிந்தது.

விதிகளை எழுதியோர் கனவான்களாயினும், அவர்கள் பயன்படுத்திய சொற்கள் அவர்கள் பெற்றெடுத்தவை அல்ல. அவை வயலிலும் கடலிலும் பிறந்த பழஞ்சொற்கள். 'ரீம்' என்று நாம் வழங்கும் சொல் பழைய ஆங்கிலத்தில் ஏரிலோ வண்டியிலோ ஒன்றாய்ப் பூட்டிய மாடுகளைக் குறித்தது. உயிலங்குளத்து உழவனுக்கு இதனை விளக்க ஆசிரியர் வேண்டியதில்லை. ஒரு நுகத்திற் பூட்டிய சோடி ஒருமித்து இழுக்காவிட்டால் சால் கோணிப்போகும் என்பதை அவன் அறிவான். 'ரக்கிள்' என்பது கப்பலின் பாய்மரக் கயிறு முதலிய கருவிகளையும் மீன்பிடி சாதனங்களையும் குறித்த சொல். 'நெற்' என்பது மீனவனின் வலையே. கோல் கம்பத்துக்குப் பின்னே அது கட்டப்பட்டது 1890ஐ ஒட்டிய காலத்திலே, லிவர்பூல் நகரப் பொறியியலாளர் ஒருவரின் யோசனையால். 'பவுல்' என்றால் அழுகியது, நாறுவது என்பதே ஆதிப் பொருள். 'கோல்' என்பது எல்லை, வரம்பு என்ற பொருளில் வழங்கிய சொல்லென்பர். முன்கள வீரனைச் 'ஸ்ரைக்கர்' என்கிறோம். தொழிலாளி வேலையை நிறுத்துவதையும் 'ஸ்ரைக்' என்கிறோம். வேலைநிறுத்தத்துக்கு இப்பெயர் வந்தது 1768இல் இலண்டன் துறைமுகத்துக் கப்பலாட்கள் கூலி போதாதென்று தத்தம் கப்பல்களின் பாய்களை இறக்கிவைத்த நிகழ்ச்சியிலிருந்து என்பர். பாயை இறக்குதலும் 'ஸ்ரைக்'தான். மன்னார்க் கரையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இவ்வொரு சொல்லைக் கொண்டே மொழிப்பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் ஒருங்கே நடத்திவிடலாம்.

ஆங்கிலேயர் தம் ஆட்டத்தைப் படையினரோடும் மிஷன் பாடசாலைகளோடும் தோட்டத்துரைமாரோடும் கீழை நாடுகளுக்குக் கொண்டுவந்தனர். அடிமைப்பட்ட மக்களுக்கு ஒழுங்கும் கீழ்ப்படிவும் கற்பிக்கவல்ல சாதனமென்றே அவர்கள் அதனைக் கருதினர். கற்றுக்கொண்டவர்களோ வேறொன்றைக் கற்றுக்கொண்டனர். 1911 யூலை 29ஆந் திகதி கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2க்கு 1 என வென்று கேடயத்தைப் பெற்றது. வென்ற பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினர். சப்பாத்தணிந்த ஆட்சியை வெறுங்கால் வெல்லக்கூடும் என்ற செய்தியை அன்று எந்த மொழிபெயர்ப்பாளனும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இலங்கையில் கிரிக்கெற்றும் உதைபந்தும் ஏறத்தாழ ஒரே வழியால் வந்தும் ஒரே இடத்தை அடையவில்லை. கிரிக்கெற்றுக்கு மட்டை, காப்புறை, சமப்படுத்திய தரை, நாள் முழுவதும் ஓய்வு ஆகியன வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் நகரத்துக் கல்லூரிகளோடு நின்றது. உதைபந்துக்கு ஒரு பந்து போதும். பந்தில்லாவிடில் துணிச்சுருளோ வைக்கோலைத் திணித்த சாக்குத்துண்டோ போதும். இரண்டு தடிகளை நட்டால் கோல். குருநகர், நாவாந்துறை, பேசாலை, வங்காலை என வடபுலக் கரையோரத்து உழைக்கும் மக்களின் ஊர்களில் அது வேரூன்றியதற்குக் காரணம் இதுவே. சங்கம் அமைந்தது பிறகு. இலங்கைக்கான உதைபந்தாட்டச் சங்கம் 1939இலேதான் தோன்றிற்று.

அதே காலத்தில் ஆங்கிலக் கல்வியின் நிலை என்ன? ஆங்கிலப் பாடசாலைக்குப் பணம் கட்டவேண்டும். சுயமொழிப் பாடசாலைக்குக் கட்டணமில்லை. ஆங்கிலம் படித்தவனுக்குக் கந்தோர். சுயமொழி படித்தவனுக்கு வயலும் வள்ளமும். ஒரு நாட்டின் பிள்ளைகளை மொழியெனும் வேலியால் இரு கூறாக்கிய ஏற்பாடு இது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. வேலியின் ஒரு பகுதி சாய்ந்தது. ஆனால் 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டம் தமிழ்ப் பிள்ளையின் முன் வேறொரு வேலியை எழுப்பிற்று. அச்சட்டத்தால் ஆங்கிலத்தின் செல்வாக்கு அழிந்ததா என்றால் அதுவுமில்லை. மேலிடத்தார் வீட்டில் அது பத்திரமாகவே இருந்தது. சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்ற பட்டப்பெயர் வழங்கலாயிற்று. கடுவ என்றால் வாள். கிராமத்துச் சிங்களப் பிள்ளையையும் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளையையும் ஒரே வாள்தான் வெட்டிற்று என்பதை இரு சாராரும் உணர்ந்து ஒன்றுபட்டிருப்பாராயின், இந்நாட்டின் பிற்கால வரலாறு வேறாக இருந்திருக்கும்.

வகுப்பறையில் வாளாயிருந்த ஆங்கிலம் மைதானத்தில் வாளாக இருக்கவில்லை. கட்டணம் வாங்காமல், பரீட்சை வைக்காமல், பிழை திருத்தாமல் அது வந்தது. வந்த சொல்லைத் தமிழ்ப் பிள்ளைகள் தமக்கேற்றவாறு திருத்தி அமைத்துக்கொண்டனர். 'பாஸ் பண்ணு' என்றார்கள். 'கோல் அடித்தான்' என்றார்கள். ஆங்கிலச் சொல் தமிழ் வினையைத் துணைக்கொண்டு தமிழ் இலக்கணத்துள் அடங்கிற்று. 'ரீம்', 'ரக்கிள்', 'சென்ரர்' என ஈழத்து நாவுக்கும் எழுத்துக்கும் இயைந்த வடிவத்தை அது பெற்றது. அகராதிக் குழு எதுவும் கூடாமலே நடந்த வேலை இது.

மறுபுறத்தில் தமிழாக்க முயற்சியும் நடைபெற்றது. தண்ட உதை, மூலை உதை, நடுவர், முன்கள வீரர் என்ற சொற்கள் பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் நிலைபெற்றன. ஆட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்தார் கால்பந்து என்றனர். ஈழத்தார் உதைபந்து என்றனர். முன்னையது ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு. உறுப்பினாற் பெற்ற பெயர். பின்னையது செயலாற் பெற்ற பெயர். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் ஒரே பந்துக்கு இரு பெயர்கள் விளங்குவதில் குறையொன்றும் இல்லை. உயிருள்ள மொழி அப்படித்தான் இயங்கும். இரவற்சொல்லா, ஆக்கச்சொல்லா என்று வாதாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பத்திரிகை வாசிக்கும் அதே இளைஞன் மூலை உதை என்று வாசித்துவிட்டு மைதானத்தில் 'கோனர்' என்று கத்துகின்றான். அவனிடம் இரண்டும் இருக்கின்றன. இரண்டிலும் ஒன்றை அவனிடமிருந்து பறிப்பது அறிவுடைமையாகாது.

இதுவரை நாம் கூறியது சொற்களின் மகிழ்ச்சியான வரலாறு. உயிலங்குளத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு.

போர்க்காலத்தில் இவ்வூர்ப்புறம் எல்லையாயிற்று. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையே மக்கள் கடந்துசென்ற வழிகளில் உயிலங்குளமும் ஒன்று. போர் மீண்டும் மூண்டபின் அவ்வழி மூடப்பட்டது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் மன்னார்த் தலைநிலம் போர்க்களமாயிற்று. எல்லையில் வாழ்ந்த பிள்ளைகள் அக்காலத்திலும் ஆங்கிலச் சொற்களைக் கற்றனர். ஆனால் இம்முறை அவை பந்தோடு வரவில்லை, துவக்கோடு வந்தன.

மைதானத்தில் 'போஸ்ற்' என்றால் கோல் கம்பம். தெருவில் அது 'செக்போஸ்ற்' ஆயிற்று. மைதானத்தில் 'கிளியர்' என்றால் ஆபத்தான இடத்திலிருந்து பந்தை அப்பால் உதைத்தல். அரசின் வாக்கில் மக்கள் வாழ்ந்த நிலமே 'கிளியர்' செய்யப்பட்ட பகுதி, செய்யப்படாத பகுதி என இரண்டாயிற்று. போர் முடிந்த பின்னர் கண்ணிவெடி அகற்றும் வரை தம் வயலிற் கால்வைக்க முடியாதிருந்த உழவருக்கு அதே சொல் மூன்றாம் பொருளொன்றையும் தந்தது. 'சூற்', 'அற்ராக்', 'டிவென்ஸ்' என்ற சொற்களைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது 'பாஸ்' அடைந்த மாற்றம். தோழனுக்குப் பந்தைக் கொடுத்தலைக் குறித்த அச்சொல், பிரயாண அனுமதிச்சீட்டைக் குறிக்கலாயிற்று. வன்னியை விட்டு வெளியேற ஒரு சாரார் பாஸ் கேட்டனர். மன்னாரிலும் வவுனியாவிலும் தங்க மறு சாரார் பாஸ் கேட்டனர். பாஸ் இல்லாதவன் நோயாளியாயினும் நின்ற இடத்திலே நின்றான். சோதனைச்சாவடியிற் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தது. விளங்காத கேள்விக்கு விடைசொல்ல முடியாமல் நிற்பதன் பொருள் என்ன என்பதை வடபுலத்துத் தாய்மார் நன்கறிவர்.

போர் அணிகளையும் உடைத்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப்புலிகள் வெளியேற்றியபோது, தலைமுறை தலைமுறையாய் ஒரே கரையில் வாழ்ந்து எதிரெதிர் அணிகளில் ஆடிய அயலவர் ஓரிரு நாட்களில் இல்லாமற் போயினர். ஆட்டத்துக்கு எதிரணியும் வேண்டும் என்ற எளிய உண்மையை மைதானம் மறப்பதில்லை, அரசியல் மறந்துவிடுகின்றது.

இவ்விடத்தில் உதைபந்து வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகின்றது. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்தும் ஆர்ஜென்ரீனாவும் மோதின. நடுவர் ஜெர்மானியர். ஆர்ஜென்ரீனாத் தலைவர் றற்றீன் ஸ்பானிய மொழி பேசுபவர். நடுவர் அவரை வெளியேற்றினார். றற்றீனோ மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கோரி வெளியேற மறுத்து நின்றார். தம்மேற் சுமத்தப்பட்ட குற்றத்தைத் தமக்கு விளங்கும் மொழியிற் கேட்பதற்கு ஒருவருக்கு உரிமை உண்டா, இல்லையா? இக்குழப்பத்தைக் கண்ட ஆங்கில நடுவர் கென் அஸ்ரன், வீதிச் சமிக்ஞை விளக்குகளின் நிறங்களை நினைத்து, மஞ்சளட்டை, சிவப்பட்டை என்ற ஏற்பாட்டை வகுத்தார். 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் அது நடைமுறைக்கு வந்தது. மொழி தெரியாதவனுக்கும் தீர்ப்பு விளங்கவேண்டும் என்பதை உதைபந்தாட்டம் நான்காண்டுகளில் ஏற்றுக்கொண்டது. தமிழும் அரசகரும மொழியே என்று 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தம் எழுதிய நாட்டில், விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் ஆள்தேடிய தமிழர் எத்தனையோ பேர்.

அதே திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அவ்வாறாயின் அது எல்லோரையும் இணைக்கவேண்டும். கொழும்பிலுள்ள சிலரை உலகத்தோடு இணைத்துவிட்டு உயிலங்குளத்தை வெளியே நிறுத்துவது இணைப்பாகாது. ஆகவே ஆங்கிலத்தை வெறுத்தொதுக்குவதும் நமது வழியன்று. வணங்கி நிற்பதும் நமது வழியன்று. அதனை எல்லோர்க்கும் உரிய கருவியாக்குவதே நமது வழி. அதற்கு மைதானத்திலிருந்து தொடங்கலாம் என்பது நமது கருத்து.

தொடங்குவது எவ்வாறு? பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்லை அவனுக்குச் சுட்டிக்காட்டுவதே முதற்படி. 'கிக்' என்பது அவனுக்குத் தெரியும். அது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். இதனைக் கேட்டு அவன் மலைக்கவேண்டியதில்லை. நமது 'உதை'யும் அப்படியே. 'உதை' என்றால் ஏவல். 'ஓர் உதை' என்றால் பெயர். அடுத்தது சொல்லின் ஒழுங்கு. தமிழில் 'பந்தைப் பாஸ் பண்ணு' என்கிறோம். 'பந்தை' என்பதிலுள்ள ஐ உருபே செயப்படுபொருளைக் காட்டிவிடுகின்றது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. இடமே பொருளைக் காட்டும். ஆகவே 'பாஸ் த போல்' என்று வினை முன்னும் பந்து பின்னும் நிற்கவேண்டும். இலக்கண நூலில் ஒரு பருவம் முழுவதும் விளங்காதது இரண்டு உதைகளில் விளங்கிவிடும்.

முன்னிடைச் சொற்களும் அவ்வாறே. தமிழில் வேற்றுமை பெயருக்குப் பின்னே வரும். ஆங்கிலத்தில் முன்னே வரும். கம்பங்களுக்கு இடையே, கட்டைக்கு மேலே, கோட்டுக்குப் பின்னே, வலைக்குள்ளே என்று பந்து போகும் இடங்களையெல்லாம் 'பிற்வீன்', 'ஓவர்', 'பிஹைன்ட்', 'இன்ரு' என்று மைதானத்திலேயே சொல்லிப் பழகலாம். இறந்தகாலத்துக்கு ஆட்டம் முடிந்தபின் நடக்கும் பேச்சு போதும். யார் எறிந்தான், யார் ஓடினான், யார் வென்றான் என்று கேட்டால் 'த்ரூ', 'றான்', 'வொன்' என்ற ஒழுங்கில்லா வினைகள் தாமாக வரும். மேலும், ஒரு சொல் பல பொருள் தருவதையும் காட்டலாம். 'மார்க்' வகுப்பில் புள்ளி. மைதானத்தில் எதிரியை விடாது காத்தல். 'டிறோ' வகுப்பில் வரைதல். மைதானத்தில் வெற்றி தோல்வியின்மை. நடுவர் ஒருவனது பெயரைக் குறித்துக்கொண்டால், புத்தகத்தைக் குறிக்கும் 'புக்' என்ற சொல்லே வினையாகிவிடும்.

இவ்வழிக்கு எதிராக எழக்கூடிய ஓர் ஆட்சேபத்தை நாம் ஒளிக்க விரும்பவில்லை. மைதானம் எல்லோருக்கும் உரியதா? கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும் பெண்பிள்ளைகளின் ஆங்கிலம் என்னாவது? இது நியாயமான கேள்வி. அதற்கும் வரலாறே விடை சொல்லும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைசெய்த பெண்கள் உதைபந்தாடினர். பிறெஸ்ரன் நகரத்து டிக் கேர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைக் காண 1920 டிசெம்பர் 26ஆந் திகதி லிவர்பூல் மைதானமொன்றில் 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே, பெண்களுக்கு இவ்வாட்டம் பொருந்தாது எனக் கூறி, ஆங்கிலச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அத்தடை ஏறத்தாழ ஐம்பதாண்டு நீடித்தது. பெண்ணின் கால் பலவீனமானதால் அவள் வெளியே நிற்கவில்லை. கதவு சாத்தப்பட்டதால் வெளியே நின்றாள். ஆகவே, மைதானத்தை மொழிப்பள்ளியாக்க விரும்பும் ஆசிரியர் முதலில் மைதானத்தின் கோட்டை அழித்துப் பெண்பிள்ளைகளுக்கும் இடங்கொடுக்க வேண்டும். கோட்டருகே கொடிபிடித்து நிற்பவருக்கு வழங்கிய, ஆணைக் குறிக்கும் பெயரையே 1996இல் உலகம் மாற்றி 'உதவி நடுவர்' என்று ஆக்கியது. நாம் மாறுவதற்கு என்ன தடை?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பந்தைக் கொண்டு ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று நாம் கூறுவதால், ஆங்கில ஆசிரியரின்றியே ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று எவரும் திரித்துக்கொள்ளக்கூடாது. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டென அரசாற் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதே ஆண்டின் மே மாதத்தில் போர் முடிந்தபோது வடபுலத்து மக்கள் இலட்சக்கணக்கில் முகாம்களில் இருந்தனர். பிரகடனம் பாடசாலையாகாது. பயிற்சி பெற்ற ஆசிரியர், நூல்நிலையம், மாலையிற் படிக்க விளக்கு, படிப்பவன் வயிற்றுக்குச் சோறு ஆகிய இவையெல்லாம் சேர்ந்தே கல்வி. மைதானத்துச் சொல் ஒரு வித்து. வித்தை மாத்திரம் கொடுத்துவிட்டு நீரை மறுப்பவன் உழவனாகமாட்டான்.

ஆயினும் வித்து அங்கே இருக்கின்றது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 'ஒரு சொல்லும் தெரியாதவன்' என்று நாம் தள்ளிவைத்த சிறுவன், வயலிலும் கடலிலும் பிறந்து, கனவான்களின் சட்டப்புத்தகத்திற் புகுந்து, ஆலைத் தொழிலாளரால் மீட்கப்பட்டு, கடல்கடந்து வந்த சொற்களை நாள்தோறும் வழங்குகின்றான். போர் அச்சொற்களைப் பறித்துச் சோதனைச்சாவடியில் நிறுத்தியபோதும், அவன் அவற்றைத் திரும்ப மைதானத்துக்கு அழைத்துவந்துவிட்டான். இன்று அதே தெருவோரத்தில் 'பாஸ்' என்ற குரல் எழும்போது எவரும் சட்டைப்பையைத் தடவுவதில்லை. திரும்பிப் பந்தைப் பார்க்கின்றனர். அச்சொல்லின் மூலமோ இலத்தீன் மொழியில் காலடி என்று பொருள்படும் ஒரு சொல். காலடியிற் பிறந்த சொல்லை அவன் காலாலேயே கற்றுக்கொண்டான்.

இனி அதனை எழுதவும் வாசிக்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர்களாகிய நமது பொறுப்பு. நாளைக் காலை ஆங்கிலப் பாடம் தொடங்கும்போது, பலகையில் முதற்சொல்லை நாம் எழுதவேண்டாம். நேற்று மாலை அவன் கத்திய சொல் எது என்று கேட்போம். அவனே எழுந்துவந்து எழுதட்டும்.